உணர்வு வற்றிய பின்னும் விசுவாசத்தில் நிலைத்திருப்பது எப்படி?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 22 வயதில் ஞானஸ்நானம் பெற்றீர்கள். உங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமே கிறிஸ்தவர். முதல் நான்கைந்து ஆண்டுகள் ஜெபத்தில் கண்ணீரும், வேதம் வாசிப்பதில் தாகமும் இருந்தன. வேலை நிமித்தம் பெங்களூருக்குப் போன பிறகு, அங்கே சேர்ந்த சபையில் நடந்த கோஷ்டிப் பூசலைப் பார்த்து மனம் கசந்து, இப்போது ஞாயிறுதோறும் கைப்பேசியில் ஆராதனையைப் பார்ப்பதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் நெஞ்சில் ஒன்றும் அசைவதில்லை. ஞானஸ்நானம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன நிலையில், “என் விசுவாசம் செத்துக்கொண்டிருக்கிறதா, ஐம்பது ஆண்டுகள் நிலைத்து நின்ற பெரியவர்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றார்கள், இந்த நிலையில் நான் திருவிருந்தில் பங்குபெறலாமா” என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள்.

செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் கருதவில்லை. தனித்து விடப்பட்டிருக்கிறது என்று கருதுகிறேன். உணர்வு குறைந்துபோனதைப் பற்றி நீங்கள் அதிகமாகக் கவலைப்படுகிறீர்கள், தனியாகிப்போனதைப் பற்றிப் போதுமான அளவு கவலைப்படவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் கண்ணீர்விட்டு ஜெபித்த பிள்ளைகளில் சிலர் முப்பது வயதில் கோயில் வாசலை மிதிப்பதில்லை. கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் இன்று அதே வகுப்பில் பாடம் நடத்துகிறார்கள். தொடக்கத்தில் இருந்த அனலின் அளவுக்கும் பிறகு நிலைத்து நின்றதற்கும் நேரான தொடர்பு எதையும் நான் கண்டதில்லை.

வேதம் இதற்கு வழங்கும் சொல்லையே பாருங்கள். யோவான் 15-ஆம் அதிகாரத்தில் “என்னில் நிலைத்திருங்கள், நானும் உங்களில் நிலைத்திருப்பேன்” என்று ஆண்டவர் சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள வினை ‘மெனோ’ என்பதாகும். தங்குதல், ஓரிடத்தில் இருந்துவிடுதல் என்பதே அதன் எளிய பொருள். அதே யோவானின் முதல் அதிகாரத்தில், இரண்டு சீஷர்கள் இயேசுவின் பின்னே போய், “ரபீ, நீர் எங்கே தங்கியிருக்கிறீர்” என்று கேட்கும்போதும் இதே வினைதான் வருகிறது. அன்று அவர் தங்கியிருந்த வீட்டை விசாரித்தவர்களிடம், சிலுவைக்கு முந்தின இரவில், நீங்கள் என்னிலே தங்கியிருங்கள் என்கிறார். தங்கியிருப்பவனுக்கு ஒவ்வொரு நாளும் வீட்டைப் பற்றிய பரவசம் தேவையில்லை. இரவானால் அங்கே வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். நம் வேதத்தில் ‘பொறுமை’ என்று பல இடங்களில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் ‘ஹுபொமொனே’ என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. பாரத்தின் கீழிருந்து விலகாமல் அங்கேயே நிற்பது அதன் வேர்ப்பொருள்.

பெரியவர்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றார்கள் என்ற கேள்விக்கு, நம் ஊர்க்காரர்களை விட்டுவிட்டு ஜப்பானின் நாகசாகி வட்டாரத்து விவசாயிகளையும் மீனவர்களையும் காட்ட விரும்புகிறேன். அவர்கள் கத்தோலிக்கர், நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன், ஆனாலும் நிலைத்திருத்தலைப் பற்றி எனக்கு இவர்களைப்போல் வேறெவரும் கற்றுத்தரவில்லை. அவர்களுக்கும் தமிழருக்கும் ஓர் உறவும் உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, விசுவாசப்பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கற்பனைகளையும் தமிழில் ஆக்கச்செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, அவற்றை மனப்பாடமாகச் சொல்லவைத்த பிரான்சிஸ் சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார்.

அங்கே சபை வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியே ஆட்சியாளர்களுக்கு அச்சத்தையும் ஊட்டியது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள். 1614-இல் அப்போது ஜப்பானை ஆண்ட டோக்குகாவா அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்து குருக்களை நாடுகடத்தியது. மறைந்து தங்கியவர்களும் ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள்; எஞ்சியிருந்த கடைசிக் குருவான கொனிஷி மான்ஷோ 1644-இல் கொல்லப்பட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மக்களுக்கு நற்கருணை என்னும் திருவிருந்து இல்லை, பாவசங்கீர்த்தனம் என்னும் பாவ அறிக்கையைக் கேட்க ஆள் இல்லை, பிரசங்கம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்த ஆலயத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். ஐந்து வீடுகளை ஒரு குழுவாக்கி, ஒரு வீட்டின் குற்றத்துக்கு மற்ற வீடுகளையும் பொறுப்பாக்கினார்கள். காட்டிக்கொடுப்பவர்களுக்குப் பணம் அறிவித்தார்கள். நாகசாகியில் ஆண்டுதோறும் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த பலகையை எல்லோரும் காலால் மிதித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த நீண்ட காலத்தில் அவர்கள் உள்ளத்தில் என்ன உணர்வு இருந்தது என்று நமக்குத் தெரியாது. அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியும். நாகசாகியை அடுத்த உரகாமி போன்ற ஊர்களில் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் நாள்கணக்கு வைப்பவர்: பண்டிகைகளும் உபவாச நாட்களும் எப்போது வருகின்றன என்று கணித்துச் சொல்வது அவர் பொறுப்பு. இன்னொருவர் தண்ணீர்க்காரர்: பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர் கடமை. மூன்றாமவர் சேதி சொல்பவர்: நாள்கணக்கு வைப்பவர் சொன்னதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவர்களில் எவரும் குரு அல்லர், பெரும்பாலும் உழுது பிழைத்தவர்கள். ஜெபங்கள் வாய்வழியாகத் தாயிடமிருந்து பிள்ளைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் இறங்கி வந்தன.

1859-க்குப் பின் வெளிநாட்டார் நாகசாகியில் குடியிருக்க அனுமதி கிடைத்து, அவர்களுக்காக ஓவுரா என்ற இடத்தில் ஒரு தேவாலயம் கட்டப்பட்டது. 1865 மார்ச் 17 அன்று உரகாமியிலிருந்து வந்த ஒரு சிறு கூட்டத்தார் அங்கே நின்ற பிரெஞ்சு குரு பெத்தித்ஜானை அணுகி, தங்கள் இருதயமும் அவருடைய இருதயமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் தெரிவித்து, மரியாளின் உருவம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அவர்களுடைய அடுத்த பேச்சுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிறது. தாங்கள் இப்போது துக்க காலத்தை அனுசரித்துக்கொண்டிருப்பதாகவும், நீங்களும் அனுசரிக்கிறீர்களா என்றும் அவரிடம் கேட்டார்கள். துக்க காலம் என்று அவர்கள் சொன்னது லெந்து நாட்களை, அதாவது உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின தவக்காலத்தை. அது தொடங்கும் சாம்பல் புதன் அந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி வந்தது. அவர்கள் வந்து நின்ற நாள் லெந்து காலத்தின் 17-ஆம் நாள். ஒரு குருவையும் பார்க்காமல் ஏழு தலைமுறை கடந்திருந்தது, கணக்குத் தவறவில்லை.

சகோதரி, இதை நான் வீரக்கதையாகச் சொல்லவில்லை. இந்த மக்கள் ஆண்டுதோறும் அந்தப் பலகையை மிதித்தவர்கள். மிதிக்க மறுத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். நிலைத்து நின்று விசுவாசத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தவர்களோ, மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து, உத்தம மனஸ்தாப ஜெபத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் தொடங்கியவர்கள். பாவத்தை அறிக்கையிடக் குரு இல்லாத நிலையில் உண்மையான மனஸ்தாபம் ஒன்றே வழி என்று கற்பிக்கும் சிறு ஏடு ஒன்றைக் கையால் பிரதியெடுத்துப் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் மிதித்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல, பாதுகாப்பான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: விழுந்ததை அவர்கள் முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் தடை நீங்குமுன் 1867-இல் மீண்டும் துன்புறுத்தல் எழுந்தபோது, உரகாமி மக்கள் 3,300-க்கும் மேற்பட்டோர் நாட்டின் பல பகுதிகளுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்டு, அவர்களில் 600-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். 1873-இல் தடை நீங்கித் திரும்பி வந்தவர்கள், தங்கள் முன்னோர் ஆண்டுதோறும் பலகையை மிதித்த ஊர்த்தலைவரின் வீட்டு நிலத்தையே விலைக்கு வாங்கி, அதன்மேல் தேவாலயம் கட்டினார்கள்.

இந்த வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. போதிக்க ஆளில்லாத நிலையில், பல இடங்களில் ஜெபங்களிலிருந்த லத்தீன், போர்த்துகீசிய சொற்களின் பொருள் மறந்துபோய் ஓசை மட்டும் எஞ்சியது. 1873-க்குப் பிறகும் ஒரு பகுதியினர் திருச்சபையோடு சேராமல், முன்னோர் கொடுத்த முறையையே தனியாகத் தொடர்ந்தார்கள். பழக்கம் விசுவாசத்தைச் சுமந்து வரும். ஆனால் வேதத்தின் போதனை அதற்குள் தொடர்ந்து ஊற்றப்படாவிட்டால் பாத்திரம் மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும்.

இனி உங்களிடம் வருகிறேன். உங்கள் நாள்கணக்கை வைத்திருப்பவர் யார்? சேதி சொல்ல உங்கள் கதவைத் தட்டுபவர் யார்? கைப்பேசியில் ஆராதனை பார்ப்பதை நான் இழிவாகப் பேசமாட்டேன். படுத்த படுக்கையாக இருக்கும் எத்தனையோ முதியவர்களுக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் நீங்கள் அதை ஒரு ஞாயிறு பார்க்காமல் விட்டால் அது ஒருவருக்கும் தெரியாது. கோயிலில் வழக்கமாக உட்காரும் இடம் காலியாக இருந்தால், அடுத்த இருக்கை அம்மா “போன வாரம் உன்னைக் காணோமே” என்று கேட்பார். “சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்” என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, உடனே “ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்” என்றும் சேர்த்துச் சொல்கிறது. அந்த ‘ஒருவருக்கொருவர்’ உங்கள் கைப்பேசியில் கிடைப்பதில்லை.

பூசல் நடந்த சபைக்கே திரும்பிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. பதவிக்காகச் சண்டையிடும் கூட்டத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் எவ்வளவு காயப்படுகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காயத்துக்குக் காரணமானவர்கள் ஆண்டவருக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் பல இருக்கின்றன. அவற்றில் சிறியதாகப் பார்த்து, உங்கள் பெயரை மூன்று வாரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்துக்குப் போங்கள். ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போவது பின்வாங்குதல் ஆகாது. எந்தச் சபையும் வேண்டாம் என்று இருந்துவிடுவதுதான் மெல்ல மெல்ல அங்கே கொண்டுபோய் விடும்.

தேமாவின் கதையை அறிவீர்கள். பிலேமோனுக்கு எழுதும்போது பவுல் அவனை உடன்வேலையாட்களில் ஒருவனாக எழுதுகிறார். கொலோசெயருக்கு எழுதும்போது வேறு அடைமொழி இல்லாமல் பெயரை மட்டும் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் “தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து, என்னைவிட்டுப் பிரிந்து” போய்விட்டதாக எழுதுகிறார். ஆனால் அதற்கு அடுத்த வசனத்திலேயே, “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்” என்கிறார். இந்த மாற்கு யார்? பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போனவர்; அவரை மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் கோபமூண்டு பிரிந்ததற்குக் காரணமானவர். விலகிப் போனவன் ஒருவன், விலகித் திரும்பி வந்தவர் ஒருவர், இருவரும் அடுத்தடுத்த வசனங்களில் நிற்கிறார்கள். மாற்கு திரும்பியதற்குப் பின்னால் பர்னபா என்ற மனிதர் இருந்தார். தேமாவுக்கு அப்படி ஒருவர் இருந்தாரா என்று வேதம் சொல்லவில்லை.

உங்களுக்கு இருப்பது சந்தேகமாகவும் இருக்கலாம் என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி காட்டுகிறது. அப்படியானால் தோமாவைப் பாருங்கள். உயிர்த்தெழுதலை நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னபின், எட்டு நாளைக்குப் பின்பும் அவர் மற்ற சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருக்கிறார். நம்பாதவர் எழுந்து போகவில்லை. நம்பினவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்தார்.

தனிஜெபத்தைப் பற்றி: உணர்வு வரும்வரை காத்திருக்காதீர்கள், சொந்த வார்த்தைகள் வராவிட்டால் வருந்தவும் வேண்டாம். தானியேல் சிங்கக் கெபியின் அச்சுறுத்தலை அறிந்தும் மேலறைக்குப் போய், “தான் முன் செய்துவந்தபடியே” தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார் என்று வேதம் சொல்கிறது. நெருக்கடிக்கென்று புதிதாக ஒன்றையும் அவர் தொடங்கவில்லை. காலையில் ஒரு சங்கீதம், இரவில் பரமண்டல ஜெபம், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். வறண்ட நாட்களில் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறுதலான முடிவு ஒன்றும் இல்லாமலே அது முடிந்துவிடுகிறது, ஆனாலும் அது ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. வேதவாசிப்பை அட்டையில் வரும் வாக்குத்தத்த வசனத்தோடு நிறுத்தாமல், மாற்கு சுவிசேஷத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகப் படியுங்கள். அன்னை தெரசா 1997-இல் மறைந்தபின் வெளியான அவருடைய கடிதங்கள், பல பத்தாண்டுகளாகத் தேவ பிரசன்னத்தின் உணர்வு இல்லாமலேயே அவர் ஜெபித்தும் ஊழியம் செய்தும் வந்ததைக் காட்டின. அந்தக் கடிதங்களைப் படித்துச் சிலர் அதிர்ந்தார்கள். எனக்கு அவை பெரிய ஆறுதலாக இருந்தன.

என் வாழ்விலும் அப்படி ஒரு காலம் உண்டு. என் மனைவி நோயுற்றிருந்த இரண்டு ஆண்டுகளில் குடும்ப ஜெபத்தில் நான் அதிகாரத்தை வாசிப்பேன், ஜெபிக்க வாய் வராது. என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள் பரமண்டல ஜெபத்தைச் சொல்வாள், நான் “ஆமென்” மட்டும் சொல்வேன். அந்த ஒரு சொல்லில்தான் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தேன். ஆகவே யாராவது ஒருவரோடு சேர்ந்து ஜெபியுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்வது ஏட்டில் படித்த அறிவுரை அல்ல. நீங்கள் குடும்பத்தில் ஒரே கிறிஸ்தவர் என்பதால் இது உங்களுக்கு இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. வாரம் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, ஐந்து நிமிடம் உங்களோடு ஜெபிக்கக்கூடிய ஒரு பெரியம்மாவை அந்தச் சபையில் தேடிக்கொள்ளுங்கள். உங்கள் வறட்சியை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மாதங்கள் கழித்து, ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கேட்டால் மறுக்காதீர்கள். பிள்ளைகள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற ஒன்று, நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிடும் வலிமை உள்ளது.

திருவிருந்தைப் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், போங்கள் என்பதுதான். தன்னைச் சோதித்தறிந்து பங்குபெற வேண்டும் என்று பவுல் சொல்வது உண்மை. நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். முதல் திருவிருந்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். சேவல் கூவுமுன் மூன்றுதரம் மறுதலிக்கப்போகிற பேதுரு அந்தப் பந்தியில் இருந்தார்; ஆண்டவருக்கு அது தெரிந்திருந்தது; தெரிந்தே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அதே இரவில், “நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து” என்று அவரிடம் சொன்னார். மறுதலிப்பு நடப்பதற்கு முன்பே அவருக்காக ஜெபமும் முடிந்திருந்தது, திரும்பி வந்தபின் செய்ய வேண்டிய வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது.